அவசரம் என்று வந்த அப்டேட்

தம்போயில் லாரி உதிரிபாகம் விற்கும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். படித்தது கணக்கியல். ஆனால் பிரிண்டர் சிக்கினாலும் இன்டர்நெட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லாபிஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிய எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்துக் கல்லூரிக்கும் போனவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அலுப்பும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை எந்த இன்வாய்ஸும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. வெளியிலிருந்து வந்த டெக்னீஷியன், பில் போடும் அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து வைரஸ் பரவியிருக்கிறது என்றார். சனிக்கிழமை அக்காவுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. பில் போடும் சாஃப்ட்வேரை உடனே அப்டேட் செய்ய வேண்டும், இணைத்துள்ள ஃபைலைத் திறக்கவும், தவறினால் கணக்கு முடக்கப்படும் என்று. அக்கா திறந்துவிட்டார்.

"பண்ணுன்னு சொல்லுச்சு, பண்ணேன் லா," என்றார் என்னிடம். "பண்ணாம விட்டிருந்தா அதுக்கும் திட்டு."

பழைய நகலிலிருந்து பாதி ஃபைல்கள் திரும்பி வந்தன. மீதியை அக்காவும் நானும் பில்களின் கார்பன் பிரதியைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். கழுத்து விட்டுப்போனது. இதற்கிடையில் முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். நடந்ததை நல்ல இங்கிலீஷில் ஓர் அறிக்கையாக எழுதித் தரச் சொன்னார். அக்காவின் கவனக்குறைவுதான் காரணம் என்பது தெளிவாக இருக்க வேண்டுமாம். அதை வைத்து அவரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார் என்பது சொல்லாமலே புரிந்தது. உலு திராமிலிருந்து பஸ் மாறி வருகிறவர் அக்கா. இந்த வயதில் அவரை இன்னோர் ஆபீஸ் எடுத்துக்கொள்ளாது.

எழுத உட்கார்ந்தேன். அந்த மெயில் போலி என்பதற்கு அடையாளங்கள் இருந்தன. அனுப்பியவர் பெயரில் சாஃப்ட்வேரின் பெயர், அதற்குப் பின்னால் இருந்த முகவரியோ சம்பந்தமே இல்லாதது. எங்கள் கம்பெனி பெயர் எங்கும் இல்லை. இதையெல்லாம் அக்கா பார்த்திருக்க வேண்டும் என்று எழுதப்போன நேரத்தில், வெளியூர் போயிருந்த முதலாளியின் மெயில் ஒன்று எனக்கு வந்தது. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில், உடனே என்று. பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஒரு ஃபைல் இணைப்பு, மதியத்துக்குள் முடிக்காவிட்டால் எச்சரிக்கைக் கடிதம். வந்திருந்ததோ அவருடைய மனைவியின் முகவரியிலிருந்து. வெளியூர் போனால் அப்படித்தான் அனுப்புவார். திருப்பிக் கேட்டால், ஒழுங்காகப் படி என்பார்.

மறுநாள் அவர் திரும்பியதும் இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தேன். அறிக்கை எழுதவில்லை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என் மேல தப்புன்னு சொல்ல வரியா?"

"அக்காவால பிரிச்சுப் பாக்க முடியாதுன்னு சொல்றேன் பாஸ். எனக்கே கஷ்டமா இருக்கு."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறதாம்?"

"அப்டேட்டுன்னு மெயில்ல ஃபைல் வந்தா தொறக்கக்கூடாது. அந்த சாஃப்ட்வேருக்குள்ளயே போய்ப் பாக்கணும். வேற எந்த ஃபைல் வந்தாலும் அனுப்புனவங்களுக்கு போன் அடிச்சுக் கேக்கணும். நீங்க அனுப்புனாலும்."

"எனக்கு வேற வேலை இல்ல?"

"அதனாலதான் பாஸ் அன்னைக்கு யாரும் கேக்கல."

அவர் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அக்காவை அனுப்பவில்லை. கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, பின்னால் ஸ்டோரில் சாமான் எண்ணிக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார். சம்பளம் அதேதான். பில் போடும் வேலை என் தலையில் விழுந்தது. கணக்கும் நான், பில்லும் நான், பிரிண்டரும் நான். முதலாளி அனுப்பும் ஒவ்வொரு ஃபைலுக்கும் போன் செய்கிறேன். எரிச்சலோடு, "நான்தான், நான்தான்," என்று போனை வைத்துவிடுகிறார்.

ஸ்டோருக்குப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்பதா, நலம் விசாரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். பேரிங் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரே சூடும்மா இங்க, ஃபேன் ஓடல," என்றார். "ஆனா பேரிங்கு என்னை அவசரப்படுத்தல. நீ போ, உன் போன் அடிக்குது பாரு."