முத்தி விழுந்த கண்ணாடி

காற்றைக் காயவைக்கிறார்கள் ஐயா, இந்த ஜெர்மன்காரர்கள்! மீனைக் காயவைப்போம், உப்பு காய்கிற பாத்தியில் என் காலும் வெந்திருக்கிறது. காற்றையே காயவைக்கும் அறையில்தான் இப்போது எனக்கு வேலை. சீசியம் அயோடைடு என்ற ஒருவகை உப்பைக் காற்றில்லாத கலத்துக்குள் ஆவியாக்கி, கண்ணாடித் தகட்டில் மயிரிழைத் தடிமனுக்குப் படியவைக்கிறோம். எக்ஸ்ரே பட்டால் அந்தப் படலம் ஒளிரும். டாக்டர் நெஞ்சுக்குள் இருப்பதைப் பார்க்கலாம். ஈரம் பட்டாலோ போச்சு, வெளுத்துவிடும்.

ஆறு மாதம் சோதனைக்காலம். வேலை நிரந்தரமானால்தான் தூத்துக்குடியிலிருந்து மனைவி மெற்றில்டாவை அழைத்துவர முடியும். ஐந்தாம் மாதம் என் தகடுகள் வரிசையாக மூன்று கெட்டன. மூன்றிலும் ஓரத்தில் ஒரே இடத்தில் படலம் உரிந்திருந்தது. மேலாளர் கிளாசன் ஒன்றை விளக்கருகே பிடித்து, "அறைக்குள் சாப்பிட்டாயா?" என்றார். எட்டிப் பார்த்தேன். உதட்டு வடிவம். அட பாவி, என் உதடு!

எங்கள் ஊரில் தோணிக்காரர்கள் பாய்மரத்தில் உதடு பதித்து முத்தி செய்யாமல் ஏறமாட்டார்கள். கோயிலில் மாதா சுரூபத்துக்குச் செய்கிற அதே முத்திதான். தோணிக்காரர் மகனான எனக்கும், எதைத் தொடங்கினாலும் உதடு தானாகப் போகும். கல்யாணமான புதிதில் சைக்கிளை முத்தி செய்துவிட்டு ஏறியதைப் பார்த்து மெற்றில்டா தங்கச்சியைக் கூப்பிட்டாள்: "ஏளா, இங்கன வந்து பாரு! கெட்டுனவ நான் நிக்கேன், இவரு சைக்கிளுக்கு முத்தம் குடுக்காரு!"

"குஸ்," என்றேன் கிளாசனிடம். முத்தத்துக்கு அவர்கள் சொல். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"வேலை நேரத்திலா? யாரை?"

"தகட்டை."

அவர் என்னையும் தகட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னொன்று கெட்டால் உன் வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போடமாட்டேன்," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மெற்றில்டாவை இங்கே கூப்பிடாமல் ஊர் திரும்புவதா? அடுத்த தகட்டைக் கையுறையோடு எடுத்தபோது உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கலத்துக்குள் வைத்து மூடினேன். படலம் மாசில்லாமல் படிந்தது. சோதனைக்கு என் கையையே எக்ஸ்ரேக்கு நீட்டினேன். எலும்பெல்லாம் தெரிந்தது, கல்யாண மோதிரமும் தெரிந்தது. கிளாசன் கையெழுத்துப் போட்டார்.

மெற்றில்டா எழுதியிருக்கிறாள்: "சைக்கிளுக்குக் குடுத்தாச்சு, கண்ணாடிக்கும் குடுத்தாச்சு. எனக்குள்ளத வாங்க நானே பிளேன் ஏறி வாரேன்."

அவளுக்குக் காட்டக் கெட்ட தகடு ஒன்றை ஈரம் புகாத ஜாடியில் மூடி வைத்திருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து நான் கொண்டுவந்த முத்தி அது. அங்கே கொண்டுபோனால் கடற்காற்றில் நாலு நாள் தாங்காது, கசிந்து அழிந்துவிடும். இந்தக் காய்ந்த காற்றில்தான் பத்திரமாக இருக்கிறது.