தெரசாள் உடைத்த ஐஸ் கட்டி

கோபம் வந்தால் தெரசாளின் குரல் தாழ்ந்துவிடும். பாளையம்பட்டியில் அவளை அறிந்தவர்கள் அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான் பயந்தார்கள்.

1947 வைகாசியில் அவள் புருஷன் வேதமுத்துவின் மாட்டையும் வண்டியையும் பிடித்துக் கட்டிவிட்டார்கள். கட்டியவன் திருச்சுழி சாலையில் கரிசல் நிலம் வைத்திருந்த சின்னச்சாமி. மகள் கல்யாணத்துக்குச் சர்பத் கொடுக்க மதுரையிலிருந்து ஐஸ் வரவழைத்திருந்தான். ரயிலில் விருதுநகர் வந்த ஐஸ் பாளத்தை உமியில் பொதிந்து, சாக்குச் சுற்றி, வேதமுத்து ராத்திரியெல்லாம் வண்டியோட்டிக் கொண்டுவந்தான்.

விடிந்ததும் பாளையம்பட்டியில் சின்னச்சாமியின் மச்சினன் ராமசுப்பு வண்டியை மறித்தான். போய்ச் சேர்ந்ததும் பந்தலில் உடைத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது என்று சொல்லி, கடப்பாரையால் பாளத்தைப் பொடிப்பொடியாக உடைத்துக் கூடைகளில் அள்ளிப்போட்டான். உமி ஒட்டினால் சர்பத் கெட்டுவிடும் என்று அதையும் உதறிக் கொட்டினான். வேதமுத்து வேண்டாமென்று கெஞ்சியும் கேட்கவில்லை. பிறகு பஸ்ஸேறி முன்னால் போய்விட்டான்.

வண்டி கல்யாண வீடு சேர்ந்தபோது கூடைகளில் கைப்பிடி ஐஸ்தான் மிச்சம்.

"வழியில எந்தச் சோடாக்கடையில எறக்கினே?" என்று கேட்டு, பந்தல் நிறைய ஆள் இருக்கும்போதே சின்னச்சாமி அவனை அறைந்தான். ராமசுப்பு பக்கத்தில் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

வீங்கிய கன்னத்தோடு நடந்து வந்த புருஷனிடம் தெரசாள் நடந்ததைக் கேட்டாள். அழவில்லை. நேரே அருப்புக்கோட்டைக்குப் போய், சோடாக்கடை வைத்திருந்த தன் அண்ணன் ஜெபதுரையிடம் ஒரு ஐஸ் கட்டி வாங்கினாள்.

"அவுகளோட நமக்கெதுக்கு வம்பு?" என்றான் ஜெபதுரை.

"மாட்டை விட்டாலும் விடுவேன், திருடன்னு சொன்னதை விடமாட்டேன்."

மறுநாள் சின்னச்சாமி வீட்டில் மறுவீட்டு விருந்துக்குக் கூட்டம் கூடியிருந்தது. அண்ணன் வண்டியில் வந்து இறங்கிய தெரசாள், வாசலில் வெயில் விழுந்த இடத்தில் சாக்கைப் பிரித்தாள். கட்டியை ரம்பத்தால் சரிபாதியாக அறுத்தாள். ஒரு பாதியை அப்படியே ஒரு தாம்பாளத்தில் வைத்தாள். மறுபாதியைச் சுத்தியலால் நொறுக்கி இன்னொரு தாம்பாளத்தில் பரப்பினாள். அவள் அடித்த அடியில் பெண்கள் விலகி நின்றார்கள்.

"என்னம்மா கூத்து இது?" என்றான் சின்னச்சாமி.

"பாத்துக்கிட்டே இருங்கய்யா."

பந்தி முடிந்து ஆட்கள் கை கழுவ வந்தபோது, நொறுக்கிய ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. நொறுக்காத பாதி ஓரம் மழுங்கி, சற்று இளைத்து, அப்படியே உட்கார்ந்திருந்தது.

"வெயிலு மேல்பக்கத்தைத்தான் திங்கும்" என்றாள் தெரசாள். "உடைக்க உடைக்க உள்ள இருந்ததெல்லாம் மேல்பக்கமாயிருது. பாளையம்பட்டியில ஒங்க மச்சினன் உடைச்சாக. எம்புருசன் திருடலை. உடைச்சதை அவுகளையே சொல்லச் சொல்லுங்க."

ராமசுப்பு தலையைக் குனிந்துகொண்டான். சின்னச்சாமிக்குப் புரிந்துவிட்டது. "மாட்டை அவுத்து ஓட்டிட்டுப் போ" என்றான்.

"மாடு கெடக்கட்டும். இத்தனை பேரு முன்னாடி திருடன்னீக. இத்தனை பேரு முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். தெரசாள் வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப வந்தவர்களை அவள் ஏறிட்டுப் பார்த்த பார்வையில் யாரும் கிட்டே வரவில்லை.

கடைசியில் சின்னச்சாமியின் மனைவி ஒச்சம்மாள் வாசலுக்கு வந்தாள். பந்தலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "இவுக சொல்லமாட்டாக, நான் சொல்றேன். வேதமுத்து திருடலை. தப்பு எங்க வீட்டுது. எந்தம்பிதான் உடைச்சான்."

தெரசாள் எழுந்தாள். ஒச்சம்மாளைக் கும்பிட்டாள். மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டினாள்.

கோபம் தணியவில்லை. அடுத்த பருத்தி வெள்ளாமைக்கு வண்டி கேட்டு ராமசுப்பு வந்தபோது, வேதமுத்து தயங்கினான். தெரசாள் கதவுக்கு வெளியே வந்து, தாழ்ந்த குரலில், "வண்டி இல்லை" என்றாள். வண்டி அவன் கண்ணெதிரேதான் நின்றது.