ஒரே சனிக்கிழமையில் ஆட்டமும் பாட்டும்

போன மாதம் என் கல்லூரித் தோழி கதீஜா போன் செய்தாள். "ஸ்டெல்லா, நம்ம பழைய யுனிவர்சிட்டி ஹால் வாசல்ல வரலாறுன்னு ஒரு பலகை வச்சிருக்காங்க. பாஸ்கெட்பால் மேட்சும் கச்சேரியும் ஒரே நாள்ல நடந்ததே இல்லையாம்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

நான் குடியிருக்கும் ஈசூனில் காலை ஒன்பது மணிக்கு ரயில். நியூட்டனில் மாறி நேராகவே அரங்கத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் கதீஜா இல்லாமல் நான் மட்டும் போய்ச் சண்டை போடுவதில் என்ன ருசி? லிட்டில் இந்தியாவில் இறங்கி, அங்கே காத்திருந்த கதீஜாவோடு தேக்கா அங்காடியில் தோசையும் தேநீரும் சாப்பிட்டேன். இருவருக்கும் சேர்த்து ஒன்பது வெள்ளிதான் செலவு. அங்கிருந்து மூன்றே நிறுத்தத்தில் பொட்டானிக் கார்டன்ஸ், பிறகு பத்து நிமிட நடை. குடை கட்டாயம்.

எழுபதுகளில் கட்டியபோது அது வெறும் கூடைப்பந்து அரங்கம். வெயில் மழை படாமல் ஆட எங்களுக்கு வேறு இடம் இல்லை. எண்பதுகளில் மேடையும் விளக்குகளும் வைத்து, கச்சேரிகளுக்கும் விட ஆரம்பித்தார்கள். கச்சேரி என்றால் மரத்தரை கீறாமலிருக்க முதல் நாளே கனமான விரிப்புப் போட்டு நாற்காலி அடுக்குவார்கள். அந்த இரண்டு நாளும் பந்தைத் தொட முடியாது.

எங்கள் கடைசி ஆண்டில் பெண்கள் அரையிறுதி ஆட்டமும் தமிழ் மாணவர்களின் இசை நிகழ்ச்சியும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. நான் அணியிலும் இருந்தேன், பாடவும் இருந்தேன். மாதா கோயில் பாடகர் குழுவில் பழகிய தொண்டை. நிகழ்ச்சி ஏற்பாடு கதீஜாவுடையது. அரங்க நிர்வாகி ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னார். "பெண்கள் ஆட்டம்தானே, அதை விட்டுடுங்க" என்றார். அந்தத் 'தானே'யை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. இரண்டில் எதையும் விடமாட்டேன் என்று அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் கதீஜா கேட்டாள்: "நம்ம ஆளுங்களுக்கு நாற்காலி எதுக்குங்க? செருப்பை வாசல்ல விட்டுட்டுத் தரையில உட்காருவாங்க. வாப்பா கடையில பாய் இருக்கு, ஒரு மணி நேரத்துல விரிச்சிடலாம்." நிர்வாகிக்கு மறுக்க ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

நான்கு மணிக்கு ஆட்டம். பாட்டுக் கேட்கச் சீக்கிரமே வந்தவர்கள் வெறுங்காலோடு ஓரத்தில் நின்று எங்களுக்காகக் கத்தினார்கள். தோற்றோம், அது வேறு கதை. ஏழு மணிக்கு வியர்வை காயாமல் மேடையேறினேன். சுருதி கொஞ்சம் நழுவியது. பாயிலிருந்து ஒருவரும் எழுந்து போகவில்லை.

இதையெல்லாம் இப்போது அரங்க வாசலில் இருந்த இளம் ஊழியரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், நல்ல பிள்ளை.

"ப்ரூஃப் ஏதாச்சும் இருக்கா ஆன்ட்டி? போட்டோ?"

"நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்" என்றேன்.

"அது பத்தாது லா. அப்புறம், ஸ்போர்ட்ஸ் ஷூ இல்லாம உள்ள விட மாட்டோம்."

கதீஜா குனிந்து செருப்பைக் கழற்றினாள். "வெறுங்கால் பட்டு இந்தத் தரை தேஞ்சு போயிடாது தம்பி. எங்க ஆளுங்க ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாட்டுக் கேட்ட தரை." நானும் கழற்றினேன். நடு வட்டத்தில் போய் உட்கார்ந்து, அன்று பாடிய பாட்டையே பாடினேன். ஐந்து நிமிடம்தான் என்றார் அவர். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை காலை கூட்டம் இல்லை, அனுமதி இலவசம், பக்கத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது, தேக்காவிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். பலகை இன்னும் மாறவில்லை. அதைப் படித்துவிட்டு, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போங்கள். யாராவது தடுத்தால், ஸ்டெல்லாவும் கதீஜாவும் அனுப்பினார்கள் என்று சொல்லுங்கள்.