பரிசீலனையில் இருந்த கோபுரம்

விதி மிகத் தெளிவானது. தொடர்ந்து மூன்று கோடைகள் பயன்படாமல் கிடந்த அரசுக் கட்டடத்தைப் பயனற்றது என்று சான்றளித்து ஏலத்தில் விடலாம். ஆனால் அதைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் போயிருந்தால், பதில் வரும்வரை கீழே இருப்பவர்கள் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. முதல் பாதியை எல்லா அலுவலகங்களும் மனப்பாடமாக அறியும். இரண்டாம் பாதியையும் படிக்கும் பொறுமை, எழுபதுகளில் தென்காசியில் ஒரு வன அலுவலகத்தின் தலைமை எழுத்தராக இருந்த எனக்கு வாய்த்திருந்தது. அந்தப் பொறுமையை ஒருநாள் பயன்படுத்த வேண்டிவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் அறிவிப்புப் பலகை முன் பெண்கள் பள்ளிப் புவியியல் டீச்சர் நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. கக்கத்தில் கறுப்புக் குடை, புடவைக் கரையில் சுண்ணாம்புக்கட்டித் தூள். வரும் கோடை கழிந்ததும் ஏலம் என்று காலையில் நான் தட்டச்சு செய்து ஒட்டிய அறிவிப்பை, பழைய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வரிவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

"இது யாரு கையெழுத்து சார்?"

"ரேஞ்சர் ஐயாவுடையது."

"எழுதுனது?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கிய. இதுக்கு எதிரா எங்களுக்கு ஒண்ணு எழுதித் தாங்க. என்ன சார், முழிக்கிய?"

ஏலத்துக்கு வரவிருந்தது, பக்கத்து ஊரான மேலகரத்துக்கு மேற்கே, பொத்தை என்று நாங்கள் சொல்லும் பாறைக்குன்று ஒன்றின் உச்சியில் நின்ற தீக்காவல் கோபுரம். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டு, இரும்பு ஏணி, உச்சியில் தேக்குப் பலகைத் தளம், அதற்கு மேல் ஓட்டுக் கூரை. கோடை முழுவதும் காவலர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். மலையில் புகை தெரிந்தால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பார். ஊரார் பச்சைக் குழைகளை ஒடித்துக்கொண்டு தீயை அடிக்க ஓடுவார்கள். ஜீப்பும் வயர்லெஸ்ஸும் வந்த பிறகு அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு கோடைகள் சும்மா கழிந்திருந்தன. மூன்றாவதும் கழிந்தால் தேக்குக்கும் இரும்புக்கும் ஆள் தயாராக இருந்தார். ரேஞ்சர் கெட்டவர் அல்லர். ஒரு கோப்பை மூடுவதில் அவருக்கு இருந்த இன்பம் எனக்கும் உண்டு.

டீச்சருக்கு வேறு கணக்கு. "சுவத்துல மேப்பைத் தொங்கவிட்டு எத்தனை நாளு சொல்லிக் குடுக்க? அங்கன ஏத்திவிட்டா, சித்தாறு எங்கன திரும்புது, தென்காசிக் கோயிலு மொட்டைக் கோபுரம் எந்தத் திசையில நிக்குதுன்னு பிள்ளையளே சொல்லும். அதை ஒடச்சி விக்கப் போறியளா?"

அன்று மாலை, என் அறிவிப்புக்கு எதிராக நானே ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் எழுதியதில்லை. நிலம் ஒரு துறையுடையது, கட்டியது இன்னொரு துறை, ஏறிப்போகும் பாதை கோயிலுடையது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டி, "தக்க ஆணை வழங்குக" என்று முடித்தேன். அந்த வாக்கியத்தைப் பிரிக்கவே மேலிடத்துக்குச் சில வருடங்கள் ஆகும். பதில் வராதவரை கோபுரம் நிற்கும். ஆனால் என்றாவது வந்துவிட்டால்? அந்தப் பதில் எங்கள் பக்கம் இருக்க, கோபுரம் இந்தக் கோடையில் பயன்பட்டது என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். கீழே ரேஞ்சரின் கையெழுத்தும் வேண்டும். இதை நான் டீச்சரிடம் சொன்னதும் அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாசி முதல் நாளிலிருந்து, பள்ளி முடிந்ததும், புகை பார்த்துப் பதிவேட்டில் எழுத மாணவிகள் இரண்டிரண்டு பேராக ஏறினார்கள். துணைக்குப் பழைய காவலர் அண்ணாச்சி. ஏணியடியில் வெற்றிலை மென்றபடி அம்மாமார். ஆளில்லாத பொத்தையில் திடீரென்று திருவிழா. இரண்டாம் வாரமே வகுப்பு லீடர் அடிவாரத்தில் பெரும் புகையைக் கண்டு தண்டவாளத்தை அடித்தாள். மேலகரமே குழையோடு ஓடியது. போய்ப் பார்த்தால், கடையநல்லூர்க்காரர் ஒருவர் தம் தென்னந்தோப்பில், வளைகுடாவிலிருந்து வந்த மகனுக்குக் கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தார். இருபது அடுப்பு. குழையோடு வந்த அத்தனை பேரையும் பந்தியில் உட்காரவைத்துவிட்டார். காரணம் கேட்டறிந்ததும், கூரைக்கு வேண்டிய ஓடுகளைத் தாமே தருவதாகவும் சொன்னார்.

பதிவேட்டில் லீடர் உண்மையை எழுதியிருந்தாள். புகை: பிரியாணி. நடவடிக்கை: சாப்பிட்டோம். பதிவேட்டில் அடிக்கவோ திருத்தவோ கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ரேஞ்சர் அதைப் படித்துவிட்டுப் பதிவேட்டைத் தள்ளினார். "பிரியாணிக்குக் கையெழுத்துப் போட நான் என்ன மாப்பிள்ளையா வே?"

டீச்சர் அசரவில்லை. மறுநாளே பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி முளைத்தது: இன்றைய கல்யாணங்கள். காலையில் ஊரெல்லாம் விசாரித்து அதை நிரப்பிய பிறகே மாணவிகள் ஏறினார்கள். அரசுப் பதிவேடுகள் பலவற்றைக் கண்டவன் நான்; அவ்வளவு பயனுள்ள பத்தியை வேறெங்கும் கண்டதில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை மதியம் தண்டவாளம் மறுபடி ஒலித்தது. ரேஞ்சரோடு ஜீப்பில் நானும் போனேன். ஏணியடியில் நிற்கும்போதே மேலே அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"தீயா, பிரியாணியா? நல்லாப் பாத்துச் சொல்லு தாயி."

"இன்னைக்குக் கல்யாணமே இல்ல அண்ணாச்சி! ஏட்டி, அங்கன பாரு, செவப்பாத் தெரியுது!"

ரேஞ்சர் ஏணியில் ஏறிய வேகத்தை அவருடைய வயிற்றைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்; பின்னாலேயே நானும் ஏறினேன். மேற்குச் சரிவில் போதைப்புல் என்னும் ஆளுயர மலைப்புல் எரிந்துகொண்டிருந்தது. காற்று அதைச் சோலைக்காட்டுப் பக்கம் தள்ளியது. கீழே ஓடியவர்களுக்குப் புகைக்குள் திசை தெரியவில்லை. மேலே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. அங்கே வந்திருந்த டீச்சரின் குடையை வாங்கி லீடர் விரித்துப் பிடித்தாள். இடப்பக்கம் சாய்த்தால் ஆட்கள் இடப்பக்கம், வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம். ரேஞ்சர் சொல்லச் சொல்லக் குடை சாய்ந்தது. சிறிது நேரத்தில் அவள் சொல்ல ஆரம்பித்தாள், ரேஞ்சர் கேட்க ஆரம்பித்தார். கோப்புகளுக்கு இடையே வாழ்ந்தவனுக்கு அப்படி ஒரு மதியம் வாழ்நாளில் ஒன்று கிடைத்தால் போதும். தீ, சோலையை எட்டாமல் அணைந்தது.

ரேஞ்சர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது பதிவேட்டை நீட்டினேன். "நடவடிக்கை" என்ற இடத்தில் தம் கையாலேயே, "கோபுரத்திலிருந்து வழிகாட்டித் தீ அணைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகுதான் பேனா நின்றது.

"ஏன்வே, இதைப் போட்ட பெறவு 'பயன்படலை'ன்னு நான் எப்படிச் சான்று குடுக்க?"

"கொடுக்க முடியாது ஐயா."

"தெரிஞ்சுதான் நீட்டுனீரா?"

"நடைமுறைப்படி நீட்டினேன்."

அந்தப் பலகைத் தளம் அதிர ரேஞ்சர் சிரித்தார். பதிவேட்டின் நகலை மேலிடத்துக்கு அனுப்பும் உறையில் முத்திரை குத்தியதும் அவரே.

இன்று செயற்கைக்கோள் புகையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறதாம். மகிழ்ச்சி. கல்யாணம் எங்கே என்று விசாரிக்க அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருப்பார்களா என்று தெரியவில்லை. அந்த வருடங்களில் வகுப்பு மாறினாலும் ஏறுவது நிற்கவில்லை. ஒவ்வொரு கோடை முடிவிலும் டீச்சர் அலுவலகத்துக்கு வருவார். "பதில் வந்துட்டா சார்?" "வரவில்லை டீச்சர்." "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆறாவது முறை அவர் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. மேலிடத்திலிருந்து வந்த பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பொத்தைக்குப் போனேன். சாரலுக்கு முன் ஓடு மாற்ற மாணவிகள் மேலே நின்றார்கள். டீச்சர் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோபுரம் பயன்பாட்டில் உள்ளதால் ஏலம் கைவிடப்படுகிறது, பராமரிப்பைப் பள்ளியும் ஊராரும் தொடரலாம் என்று இரண்டே வரி. டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் சொருகி, ஏணியில் கால் வைத்தார்.

"ஏட்டி, ஒருத்தியும் எறங்காதீங்க! நானும் வாரேன்!"

எண்பத்திரண்டாம் வருடம், வைகாசி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.