லோடுக்குப் பழைய அர்த்தம்

நாமக்கல் புறவழிச்சாலை, உச்சி வெயில். காலி லாரியின் நிழலில் டிரைவரும், வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்த அவர் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து டீக்கடை பெஞ்சில் நான்.

"பொங்க நோம்பி முடிஞ்சதுல இருந்து லோடே இல்லீங்க" என்கிறார் டிரைவர்.

அகராதி புரட்டுகிறவனுக்குச் சும்மா இருக்க முடிவதில்லை. லோடு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியில் பயணம் என்றுதான் பொருள், சுமை ஏற்றுவதும் துப்பாக்கியில் குண்டு போடுவதும் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை என்கிறேன்.

"அப்படீங்களா?" என்று சிரிக்கிறார். கைபேசி அடிக்கிறது. பேசிவிட்டு, பாதிச் சோற்றில் எழுகிறார்.

"கல்கத்தாவுக்கு ஜவ்வரிசி லோடு. உடனே சேலம் போயி ஏத்தோணும்."

அவர் கை கழுவப் போகிறார். மனைவி மிச்சச் சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு மூடுகிறார்.

"இவரு லோடுன்னு சொன்னா, எனக்கு எப்பவுமே அந்தப் பழைய அர்த்தந்தானுங்க."