மருமகன் சட்டையில் ஓர் ஆரஞ்சுக் கறை

போன சனிக்கிழமை நான் கிரிக்கெட் பார்க்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போவதென்றாலே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நடக்கிறவள்தான் நான். ஆனாலும் போனேன். ஆட்டம் பார்க்க அல்ல — மருமகனை வேவு பார்க்க!

மருமகன் ஜெரோம் பேட்ஸ்மேன். (பேர்களை மாற்றிவிட்டேன். இந்தப் பத்திரிகையில் அவர் சினிமாப் பக்கத்தைத் தாண்டுவதில்லை என்றாலும் ஒரு ஜாக்கிரதை.) பேட் பிடிக்கிற கைக்காகவே தூத்துக்குடி ஹார்பர் பக்கம் ஒரு கம்பெனியில் அவருக்கு கிளார்க் வேலை கொடுத்தார்கள். பிறகு மாநில டீமில் எடுத்தார்கள். முதல் மேட்ச்சில் எழுபத்தொன்று அடித்தபோது பேப்பரில் தபால்தலை அளவுக்குப் படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் ஒரே மகள் பிலோமியைக் கட்டிக்கொடுத்தேன். வீட்டோடு வந்துவிட்டார்.

அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனிடம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். எனக்கு அதற்கும் கூச்சம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் துணி சொன்னதுதான்.

துணி என்ன சொல்லும் என்கிறீர்களா? மெட்ராஸில் மேட்ச் முடிந்து வந்தால் வெள்ளைப் பேன்ட்டின் தொடையில் சிவப்புத் தடம் தடமாக இருக்கும். பந்து பட்ட இடம். முழங்காலில் புல் பச்சை. முதுகில் வியர்வை உப்பு. ஊறவைத்து, அடித்து, அலசி முடிக்க அரை நாள் ஆகும். முணுமுணுத்துக்கொண்டே துவைப்பேன்.

இந்த வருஷம் மூன்று தடவை போனார். மூன்று தடவையும் பேன்ட்டில் நான் போட்டுக் கொடுத்த மடிப்பு முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்தது. மூன்று நாள் மேட்ச். ஒரு பந்துகூடவா ஆள்மேல் படவில்லை?

இங்கிலீஷ் பேப்பரில் ஒவ்வொருவர் ஸ்கோரும் வருமாம். எங்கள் வீட்டுக்கு வருவது தமிழ்ப் பேப்பர். அதில் டீம் எவ்வளவு என்று இரண்டு வரி, அவ்வளவுதான். இங்கிலீஷ் பேப்பரை வாங்கினாலும் ஐந்தாம் கிளாஸோடு நின்ற நான் என்ன செய்ய? ஆபீஸில் தெரிந்திருக்கும். ஆபீஸ் பேச்சு என்றைக்கு வீட்டு வாசல் ஏறியது?

மூன்றாம் தடவை வந்தபோது சட்டையின் நெஞ்சில் ஒரு கறை. ஆரஞ்சு நிறம். கட்டைவிரல் அகலம்.

மஞ்சளா? எங்கள் வீட்டில் மஞ்சள் பூசிக் குளிக்கிற வழக்கம் கிடையாது. ஹோட்டல் குழம்போ? ஓரத்தில் மட்டும் சவுக்காரம் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் சேர்ந்த எதுவும் சவுக்காரம் பட்டால் சிவக்கும். இது சிவக்கவில்லை.

அப்படியானால்...? பக்கத்து வீட்டு செசிலியிடம் கேட்டேன்.

"ஏளா செசிலி, ஆரஞ்சு கலர்ல உதட்டுச் சாயம் உண்டுமா?"

"எல்லாக் கலர்லயும் உண்டு. ஏன், ஒனக்கு வேணுமா?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா எதையும் கேக்க மாட்டியே!"

சட்டையைத் துவைக்காமல் டிரங்குப் பெட்டியில் ஒளித்தேன். பிலோமிக்கு ஏழாம் மாதம். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. என் கணவரின் அண்ணனுக்கு ஆள் விட்டேன் — சட்டையில் ஒரு கறை இருக்கிறது, ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து மருமகனை விசாரிக்க வேண்டும் என்று. கணவர் போன பிறகு குடும்பத்துக்கு அவர்தான் பெரியவர். அவர் விசாரித்தால் ஒன்று மருமகன் வீட்டில் இருப்பார், இல்லாவிட்டால் பெட்டியோடு தெருவில் நிற்பார். நடுவழி அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தால், கறையைச் சுற்றி எறும்பு! உதட்டுச் சாயத்தில் எறும்பு மொய்க்குமா? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, சாயத்தில் சீனி போடுகிறார்களோ என்று நினைத்தேன். சந்தேகம் வந்துவிட்டால் எறும்புகூட நம் கட்சியில் சேர்ந்துவிடுகிறது.

சனிக்கிழமை ஹார்பர் மைதானத்தில் மருமகன் கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் மேட்ச். சாயம் பூசிய மெட்ராஸ்காரி இங்கேயும் வந்து கைதட்டுவாளோ என்னவோ... செசிலியை இழுத்துக்கொண்டு போய் உடைமர நிழலில் நின்றேன்.

எவளும் வரவில்லை. மருமகன் நின்று நின்று தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போனது. திடீரென்று ஆட்டம் நின்றது. வெள்ளை உடுப்பில் ஓர் ஆள், ஒரு தட்டு நிறைய டம்ளர்களோடு ததும்பத் ததும்ப மைதானத்துக்குள் ஓடினான்.

"ஏலே, சர்பத் கட அண்ணாச்சி வாராரு!" என்று ஒருவன் கத்தினான்.

"அண்ணாச்சி, எனக்கொண்ணு! ஐஸ் போட்டு!" என்றான் இன்னொருவன். கூட்டமே சிரித்தது.

பக்கத்தில் நின்ற ஹார்பர்காரரிடம் செசிலி கேட்டாள். "யாரு தம்பி அது? வேலக்காரனா?"

"பன்னெண்டாவது ஆளு, அக்கா. யாருக்காவது அடிபட்டா உள்ள போயி பந்து பொறுக்கலாம். பேட்டு பிடிக்க விட மாட்டாங்க. மத்த நேரம் இந்த ஆரஞ்சுத் தண்ணி சுமக்கதுதான் வேல."

"வெள்ள உடுப்பெல்லாம் போட்டிருக்கானே?"

"உடுப்புக்கு என்னக்கா... போட்டுக்கிடலாம்."

ஆரஞ்சுத் தண்ணி! ஓடி வந்தவன் நெஞ்சைப் பார்த்தேன். ததும்பி வழிந்திருந்தது.

எல்லாரும் டம்ளரை எடுத்துக் குடித்தார்கள். அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். என் மருமகன் மட்டும் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவன் தட்டை ஒரு கையால் பிடித்து, காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தார்.

அடுக்கிய வேகத்தைப் பார்த்தேன். பழகிய கை.

மூன்று மேட்ச். ராத்திரியெல்லாம் ரயிலில் போய், மூன்று மூன்று நாள் இந்த வேலை. வந்து யாரிடம் சொல்வார்? எழுபத்தொன்று அடித்ததற்காகப் பெண் கொடுத்த வீட்டிலா?

"என்னளா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" என்றாள் செசிலி.

"வீட்டுக்கு வா. தொவைக்கதுக்குத் துணி கெடக்கு."

சட்டையைத் துவைத்துவிட்டேன். பெரியவரைத் தடுக்கத்தான் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்துவிட்டார்.

"எங்க அந்தச் சட்ட?" என்றார் வாசலிலேயே.

"கொழம்புக் கறதான் அத்தான். தொவச்சதும் போயிட்டு."

"கொழம்புக்கா என்னயக் கூப்பிட்டு விட்ட?"

"இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"சாப்பிடுதேன். கேக்க வந்ததக் கேட்டுட்டுதான் போவேன்."

மருமகனும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிலோமி மீன் வைத்தாள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிலோமி நிற்கிறாளே என்று பெரியவர் சுற்றி வளைத்துத் தொடங்கினார்.

"மாப்ள, மெட்ராஸ்ல இந்தத் தடவ எவ்வளவு அடிச்சீரு?"

மருமகன் கை சோற்றில் அப்படியே நின்றது. பிலோமி பெருமையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்திரண்டு," என்றார்.

"முப்பத்திரண்டா...?" பெரியவர் இழுத்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, ஆள் விழிக்கிற விழியிலேயே பிடித்துவிடுவார். "யாரு பாத்தா?"

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

"பேப்பர்ல போட்டிருந்தான் அத்தான். நாந்தான் படிச்சேன்."

மருமகன் கதவுப் பக்கம் திரும்பினார். அவருக்காக என் குரல் எழும்பியது அதுதான் முதல் தடவை. பேப்பரில் அப்படி எதுவும் வரவில்லை என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பெரியவர் இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

என் சந்தேகம் அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

சொல்வதுதான் சொல்கிறார்... ஒரு நூறு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?