அம்மாவுக்கு எல்லாம் நொட்டில்

அந்த மார்கழியில் தங்கச்சியும் நானும் ஒரே சமயத்தில் கொக்குவில் வீட்டில் நின்றோம். அப்படி அமைவது அபூர்வம். நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. அவள் ஜேர்மனியில், செய்மதிகளைத் தரையிலிருந்து கண்காணிக்கும் நிலையமொன்றில் வேலை செய்கிறாள். அப்பா காலமாகிவிட்டார். அம்மா மிஷன் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

நத்தார்ப் பண்டிகையை ஒட்டி ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். கேக்கைக் கையில் வாங்கியதும் என்னைப் பார்த்து, "தம்பி, எப்ப திரும்பப் போறீர்?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இருக்கும் கதிரை தங்கச்சியின் பக்கம் திரும்பிவிடும். செய்மதி எவ்வளவு உயரத்தில் போகும், கீழே நிற்கும் ஆளைப் படம் பிடிக்குமா, விழுந்தால் யாருடைய தலையில் விழும். அவள் சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பேன்.

ஒருநாள் பக்கத்து வளவுக்காரர் செய்மதியின் வேகத்தைக் கேட்டார்.

"செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர்" என்றாள் தங்கச்சி.

அம்மா கண்ணை மூடினார். "ஏழாயிரத்து ஐந்நூறு மீற்றர். அதைக் கப்பற்காரரின்ரை நொட்டுக்கு மாத்த, இரட்டிச்சால் பதினையாயிரம். அதிலை நூற்றுக்கு மூண்டு கழிச்சால், பதினாலாயிரத்து ஐந்நூறு நொட்டுக்குக் கொஞ்சம் மேலை." பிறகு என்னிடம் திரும்பி, "உன்ரை கப்பல் பதினாலு நொட் தானே? அப்ப ஆயிரம் மடங்கு!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கணக்குச் சரியாக வந்த மகிழ்ச்சியில்தான் சொன்னார். ஆனால் எனக்கு நெஞ்சு எரிந்தது. பதினாலு நொட் என்றால் மணித்தியாலத்துக்குப் பதினாலு கடல் மைல். அந்த வேகத்துக்காக இயந்திரம் இரவு பகலாக எண்ணெய் குடிக்கிறது, மனிதர் நித்திரை முழிக்கிறார்கள்.

"செய்மதியை ஒருத்தரும் தள்ளுறேல்லை" என்றேன். "அது பூமியைச் சுத்தி விழுந்துகொண்டிருக்கு. விழுகிறதுக்கு என்ன கெட்டித்தனம் வேணும்? கப்பல் ஒவ்வொரு அடிக்கும் தண்ணியைப் பிளக்கவேணும்."

என் குரல் நான் நினைத்ததைவிடக் கூடவே உயர்ந்துவிட்டது. வளவுக்காரர் கோப்பையைப் பார்த்தார். தங்கச்சி மட்டும் அமைதியாக, "ஓம், அண்ணை சொல்லுறது சரி. விழுந்துகொண்டுதான் இருக்கு" என்றாள். அவள் விட்டுக்கொடுத்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை பிடித்திருந்தால் ஆறியிருக்கும்.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா வாழைக்குலை வாங்க எங்கள் இருவரையும் நீர்வேலிக்கு அனுப்பினார். மோட்டார் சைக்கிளில் அவள் பின்னால் இருந்தாள். கோண்டாவில் தாண்டி, வாழைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் அவள் என் தோளுக்கு மேலால் எட்டி வேக மீற்றரைப் பார்த்தாள்.

"நாப்பது. இருபத்தொண்டரை நொட். உங்கடை கப்பலை முந்திட்டம், அண்ணை."

"உனக்கென்னத்துக்கு நொட்?"

"அம்மாவாலை. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எடுத்து வேலையைப் பற்றி ஏதும் சொன்னால், 'அது எத்தனை நொட்?' எண்டுதான் முதல் கேக்கிறா. நான் சொல்லுற அளவு அவவுக்குப் போதாது. நொட் உங்கடை அளவு. என்ரை எல்லாத்தையும் உங்கடை அளவாலைதான் அளக்கிறா." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு எரியும்" என்றாள்.

நான் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் நான் சிரிப்பதை அவள் கண்டிருப்பாள். இத்தனை நாள் நான் அவளைப் பார்த்துப் புழுங்கியதுபோல அவளும் என்னைப் பார்த்துப் புழுங்கியிருக்கிறாள்! குலையை வாங்கிக் கட்டும்போது நான் விசிலடித்தேன்.

இரவுச் சாப்பாட்டில், புட்டைப் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவிடம் நானே கதையை எடுத்தேன். என் வெற்றியை இன்னொருமுறை கேட்க ஆசை. "அம்மா, நீங்கள் ஏன் எல்லாத்தையும் நொட்டிலை கேக்கிறியள்?"

"நீ முதன்முதல் கப்பலேறின வருசம் வங்காள விரிகுடாவிலை புயல். கப்பற்காரருக்குப் போடுற வானிலை அறிக்கையை ஃபோனிலை பாப்பன். காத்து நாப்பது நொட், அம்பது நொட் எண்டிருக்கும். அது எவ்வளவு எண்டு பிடிபடேல்லை. நித்திரை வராமல் இருந்து கணக்குப் பாத்துப் பழகினன். இப்ப எந்த வேகமும் மண்டைக்குள்ளை நொட்டாத்தான் வருது."

தங்கச்சி கையைத் தட்டிலேயே வைத்திருந்தாள். "எனக்காக ஒண்டும் பழகேல்லையோ?"

"உனக்கென்ன, பிள்ளை? மேலை போறது மிசின். நீ கீழை கதிரையிலை இருக்கிறாய். உன்னை நினைச்சு நான் ஒருநாளும் பயப்பிட்டதில்லை."

அம்மா அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். தங்கச்சி எழுந்து கை கழுவப் போனாள். குழாயில் தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எட்டு வருடம் தனியாகக் குளிரில் படித்தவள். முதல் வருடம் நியூமோனியாவில் கிடந்ததை வீட்டுக்குச் சொல்லாமல் விட்டது எனக்கு மட்டும் தெரியும். அதை நான் அம்மாவிடம் சொன்னேன். மெதுவாக, குழாயின் சத்தத்துக்குள். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

தை பிறந்து நான் கப்பலுக்குத் திரும்பினேன். ஒரு ஞாயிறு, இந்து சமுத்திரத்தின் நடுவில், தங்கச்சியின் செய்தி வந்தது. 'இண்டைக்கு அம்மா நொட் கேக்கேல்லை. இங்கை குளிர் எத்தனை பாகை, என்ன சப்பாத்துப் போடுறாய் எண்டு அரை மணித்தியாலம் கேட்டவ.'

என்னோடு அம்மா அந்த வாரம் கதைத்தது ஐந்து நிமிடம்கூட இராது. நல்லது என்று பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, இங்கே கடல் கொஞ்சம் கொந்தளிப்பு என்று அம்மாவுக்கும் ஒரு செய்தி போட்டேன். கடல் அன்றைக்குத் தட்டையாகத்தான் கிடந்தது.